மனநல மருத்துவர் இல்லாத ஊரில் மனச்சோர்வுக்கு என்ன வழி? கோவாவின் 'அரை மணி நேர' சிகிச்சை சொல்லும் பதில்

"தலைவலி, உடம்பெல்லாம் வலி, ராத்திரி தூக்கமே வரல, எதைச் செய்யவும் தெம்பு இல்ல." எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஓ.பி. வரிசையில் தினமும் கேட்கக்கூடிய புகார்கள்தான் இவை. பி.பி. பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், ஒரு வலி மாத்திரையும் ஒரு சத்து மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். வெளியே நூறு பேர் நிற்கும்போது ஒரு நோயாளிக்கு டாக்டரால் ஒதுக்க முடிவது இரண்டு, மூன்று நிமிடம். அதற்குள் "மனசு எப்படி இருக்கு?" என்ற கேள்வியைக் கேட்க நேரம் ஏது?

இப்படி வருபவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் இருப்பது மனச்சோர்வோ பதற்ற நோயோதான் என்பது மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாளாகவே தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். போதுமான மனநல மருத்துவர்கள் இல்லாத நாட்டில் யார் சிகிச்சை தருவது? அதே சுகாதார நிலையத்தில், மருத்துவம் படிக்காத ஒருவரே பேச்சின் மூலம் சிகிச்சை கொடுத்தால் பலன் கிடைக்குமா?

கேட்பதற்குக் கொஞ்சம் பயமாக இருக்கும் யோசனைதான். ஆனால் இந்தியாவின் மிகச் சிறிய மாநிலமான கோவாவில் இதை அறிவியல் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. முடிவுகள் உலகின் முன்னணி மருத்துவ இதழான 'தி லான்செட்'டில் வெளியாகின.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6% பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. அதைவிட அதிர்ச்சி தரும் எண் இன்னொன்று. பாதிப்பு இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம், நோயைப் பொறுத்து 70% முதல் 92% வரை. அதாவது பத்துப் பேருக்குப் பிரச்சினை என்றால் ஏழு முதல் ஒன்பது பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு முழு டாக்டர்கூட இல்லை. இருக்கிற கொஞ்சம் பேரும் பெரும்பாலும் நகரங்களில்.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் ஒன்று நம்ம திருச்சி. ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரு மனநல மருத்துவர் இருப்பதும், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கும் பெண்ணுக்கு அவர் கிடைப்பதும் வேறு வேறு. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு வர ஓர் ஆள். இதெல்லாம் சரியானாலும் "மெண்டல் டாக்டர்கிட்ட போறாங்க" என்ற பேச்சு ஒன்று இருக்கிறதே.

கோவாவில் முதலில் செய்தது என்ன?

மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சக ஊழியர்களும் 1996ல் கோவாவில் 'சங்காத்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் நடத்திய முதல் பெரிய சோதனையின் பெயர் 'மானஸ்'. (இப்போது மத்திய அரசு நடத்தும் 'டெலி மானஸ்' தொலைபேசி சேவை வேறு. பெயர் மட்டும்தான் ஒத்துப்போகிறது.)

12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் கிளினிக்குகள் என மொத்தம் 24 இடங்கள். பாதி இடங்களில் புதிய முறை, மீதியில் வழக்கமான சிகிச்சை. எந்த இடத்துக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நமக்கு வசதியான இடத்தில் மட்டும் சோதித்துவிட்டு "பாருங்க, வேலை செய்யுது" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குலுக்கல். பங்கேற்றவர்கள் 2,796 பேர்.

புதிய முறை நடந்த இடங்களில், மருத்துவமனைக்கு வருபவர்களிடம் முதலில் சில எளிய கேள்விகள் கேட்டு யாருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அவர்களைப் பார்த்தவர் ஓர் ஆலோசகர். அந்தப் பகுதியைச் சேர்ந்த பட்டதாரிப் பெண். மருத்துவப் பின்னணி எதுவும் கிடையாது. இரண்டு மாதப் பயிற்சி மட்டும். லேசான பாதிப்பு என்றால் அது என்ன, ஏன் வருகிறது, தூக்கத்தையும் மூச்சையும் எப்படிச் சரி செய்வது என்று விளக்குவார். அதிகமாக இருந்தால் அங்குள்ள டாக்டர் மாத்திரை எழுதுவார், அல்லது ஆலோசகரே உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை தருவார். அதற்கும் மேல் போனால் மனநல மருத்துவர். படிப்படியாக ஏறும் ஏணி மாதிரியான ஏற்பாடு.

2010ல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. அரசு நிலையங்களில் புதிய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 65.9% பேர் ஆறு மாதத்தில் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த அரசு நிலையங்களில் இது 42.5%. பெரிய வித்தியாசம்.

ஆனால் தனியார் கிளினிக்குகளில்? வித்தியாசமே இல்லை.

தனியாரில் ஏன் பலன் தரவில்லை?

பலரும் கவனிக்காமல் கடந்து போகும் இடம் இதுதான். உண்மையில் மொத்த ஆய்விலும் நிறையக் கற்றுக்கொடுப்பதும் இதுதான்.

தனியார் கிளினிக்குகளில் ஆலோசகர் இருந்த இடம், இல்லாத இடம் இரண்டிலுமே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் மீண்டிருந்தார்கள். அதாவது, புதிய முறை அங்கே தோற்கவில்லை. கூடுதலாகச் சேர்க்க அதற்கு எதுவும் இருக்கவில்லை. கோவாவின் தனியார் குடும்ப மருத்துவர்கள் பலர் ஒரே குடும்பத்தைப் பல வருடங்களாகப் பார்ப்பவர்கள். "பையன் வேலைக்குப் போனானா? மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பும் டாக்டர்கள். நோயாளி அடுத்த முறையும் அதே டாக்டரைத்தான் பார்ப்பார். அரசு நிலையத்தில் கூட்டமும் அதிகம், டாக்டரும் மாறிக்கொண்டே இருப்பார். தனியாரில் கூடுதல் பலன் இல்லாமல் போனதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்.

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு 'குடும்ப டாக்டர்' இருந்தாரே, அவர் செய்த பாதி வேலை இதுதான் போலும். அரசு நிலையத்தில் அந்த ஆளுக்கான நாற்காலி காலியாக இருக்கிறது. ஆலோசகர் வந்து உட்கார்ந்ததும் பலன் தெரிந்தது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

'மானஸ்' முறையில் பேச்சு, மாத்திரை எனப் பல விஷயங்கள் கலந்திருந்ததால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் அடுத்த கட்டமாகப் பேச்சுச் சிகிச்சையை மட்டும் தனியாக எடுத்து, இன்னும் எளிமையாக்கி, 'ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராம்' என்ற பெயரில் சோதித்தார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், 495 நோயாளிகள். இந்தமுறை லேசான பாதிப்பு உள்ளவர்களை எடுக்கவில்லை. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள்.

கடுமை என்று எப்படி முடிவு செய்தார்கள்? 'பி.எச்.க்யூ-9' என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று தோன்றியதா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. இதில் 15ம் அதற்கு மேலும் வந்தவர்களே ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள்.

சிகிச்சை ஆறு முதல் எட்டு அமர்வுகள். ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே, தேவைப்பட்டால் போனிலும்.

இதன் அடிப்படை ரொம்ப எளிமையானது. மனம் சோர்ந்தவர் முதலில் செய்வது, பிடித்த விஷயங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது. பக்கத்து வீட்டுப் பேச்சு நிற்கும். சந்தைக்குப் போவது நிற்கும். சமையல் பாதியில் நிற்கும். நின்ற ஒவ்வொன்றும் சோர்வை இன்னும் கூட்டும், கூடிய சோர்வு இன்னொன்றை நிறுத்தும். "மனசு சரியானதும் எல்லாத்தையும் பாத்துக்கலாம்" என்று அவர் காத்திருப்பார். ஆனால் காத்திருக்கக் காத்திருக்க மனசு சரியாவதில்லை.

ஆலோசகர் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறார். மனசு சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம், முதலில் சின்னதாக ஒரு செயல். உதாரணத்துக்கு, மாலையில் பத்து நிமிடம் வாசலில் உட்காருவது, நிறுத்திவிட்ட தையலை மறுபடி எடுப்பது, அக்காவுக்கு ஒரு போன். அதை எழுதி வைத்து, செய்தபோது எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் பேசுவது. கூடவே குடும்பத்தில் ஒருவரை இந்த முயற்சிக்குத் துணையாகச் சேர்த்துக்கொள்வது. கடன், சண்டை, குடிகாரக் கணவர் என்று உண்மையான பிரச்சினைகள் இருந்தால், அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து எதை முதலில் கையாளலாம் என்று சேர்ந்து யோசிப்பது. அறிவுரை சொல்வது ஆலோசகர் வேலை இல்லை. "எல்லாருக்கும் இருக்கிற கஷ்டம்தான், விட்டுத் தள்ளு" என்ற நம்ம வழக்கமான வசனத்துக்கு அங்கே இடமில்லை.

முடிவு? மூன்று மாதத்தில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39%. இந்த மற்றவர்களும் சும்மா விடப்படவில்லை. அவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறது என்ற தகவலும் சிகிச்சை வழிகாட்டுதலும் அங்குள்ள டாக்டரிடம் தரப்பட்டிருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் 63%க்கு 48% என்று வித்தியாசம் தொடர்ந்தது. இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரு வருடம் கழித்துக் கிடைத்த பலனில் பாதிக்கு மேல், நோயாளி மூன்றாவது மாதத்தில் எவ்வளவு செயல்படத் தொடங்கியிருந்தார் என்பதோடு தொடர்புடையதாக இருந்தது. அந்தச் சின்னச் சின்னச் செயல்கள் பேச்சுக்கான சாக்கு இல்லை, அவையே மருந்து.

'டென்ஷன்' என்ற சொல்லின் பலம்

கோவா ஆலோசகர்கள் நோயாளியிடம் 'மனநோய்' என்ற முத்திரையைத் தவிர்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது, மக்களே பயன்படுத்தும் 'டென்ஷன்'. "உங்களுக்கு டிப்ரஷன்" என்றால் மறுநாள் வரமாட்டார். "டென்ஷன் ரொம்ப அதிகமாயிடுச்சு, அதான் தூக்கமும் இல்ல, வலியும் இருக்கு" என்றால் "ஆமா" என்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

பாகிஸ்தானிலும் இதே தந்திரம்தான். ராவல்பிண்டி கிராமப்புறங்களில் கர்ப்பிணிகளின் மனச்சோர்வுக்கு, அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே சிகிச்சை தரப்பட்டது. மருமகளுக்கு மனச்சோர்வு என்று சொன்னால் எந்த மாமியார் வீட்டுக்குள் விடுவார்? அதனால் குழந்தையின் வளர்ச்சியை முன்னால் வைத்தார்கள். பேரப்பிள்ளைக்கு நல்லது என்றதும் குடும்பமே ஒத்துழைத்தது. 2008ல் வெளியான அந்த முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்ற தாய்மார்களில் 23% பேருக்கே மனச்சோர்வு தொடர்ந்தது. மற்ற கிராமங்களில் 53%.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் கதை இன்னும் பிரபலம். தலைநகர் ஹராரேவில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ல் 14 பாட்டிமார்களை வைத்துத் தொடங்கியதுதான் 'ஃபிரண்ட்ஷிப் பெஞ்ச்'. சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மர பெஞ்ச், அதில் ஒரு பாட்டி. அவ்வளவுதான் உள்கட்டமைப்பு! முதலில் இதற்கு 'மனநல பெஞ்ச்' என்று பெயர் வைத்தபோது யாரும் வந்து உட்காரவில்லை. 'நட்பு பெஞ்ச்' என்று மாற்றியதும் நிலைமை மாறியது. ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம்ம வீடுகளில் "சும்மா எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கா" என்று சொல்வதை அப்படியே மொழிபெயர்த்த மாதிரி இருக்கிறது அல்லவா?

24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016ல் வெளியானது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தது 13.7% பேருக்கு. மற்றவர்களில் 49.9%.

அப்போ யார் வேண்டுமானாலும் செய்யலாமா?

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த ஆய்வுகளை மேலோட்டமாகப் படித்தால் "அன்பா பேசினா போதும், மனச்சோர்வு போயிடும்" என்று தோன்றும். அப்படி இல்லை.

கோவா ஆலோசகர்கள் முதலில் மூன்று வாரப் பயிற்சிப் பட்டறையில் உட்கார்ந்தார்கள். அதன்பின் பல மாதம் மேற்பார்வையில் வேலை பழகினார்கள். எல்லாரும் தேர்வாகவில்லை. தேர்வான பிறகும் விடுதலை இல்லை. நோயாளியின் சம்மதத்தோடு அமர்வுகள் ஆடியோவாகப் பதிவு செய்யப்பட்டன. வாரா வாரம் ஆலோசகர்கள் குழுவாகக் கூடி, ஒருவரின் பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். எங்கே அவசரப்பட்டாய், எங்கே நோயாளி சொல்ல வந்ததை இடைமறித்தாய் என்று பேசினார்கள். சக ஆலோசகர்கள் போட்ட மதிப்பெண்ணும் நிபுணர்கள் போட்ட மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போனது ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு. காரணம், மேற்பார்வைக்கும் நிபுணர்களே வேண்டும் என்றால் மறுபடியும் அதே பற்றாக்குறையில் போய் நிற்போம்.

இந்த மேற்பார்வையை வெட்டிவிட்டு, ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினால் கோவா முடிவுகள் கிடைக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் திட்டங்கள் பெரிதாகும்போது பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இதுதான்.

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிஸோஃப்ரினியாவுக்கு, சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று கவனிக்கும் முறையை இந்தியாவில் மூன்று இடங்களில் சோதித்தார்கள். அதில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் மூலம் நடந்தது. 282 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2014ல் வந்தது. பலன் இருந்தது, ஆனால் மிதமான அளவில்தான். அதுவும் மனநல மருத்துவரின் சிகிச்சையும் மாத்திரையும் தொடர்ந்தபடியே. வேறு சேவைகள் அதிகம் இல்லாத கிராமப்புறங்களுக்கே இது ஏற்றது என்றார்கள் ஆய்வாளர்கள். குரல்கள் கேட்பது, யதார்த்தத்திலிருந்து விலகுவது, தற்கொலைக்குத் திட்டமிடுவது போன்ற நிலைகளில் டாக்டர் கட்டாயம்.

குடிப்பழக்கத்திலும் பலன் குறைவு. கோவாவிலேயே அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் இதே பாணியில் ஒரு சோதனை நடந்தது. பிரச்சினையிலிருந்து மீண்டவர்கள் 36%, ஒப்பீட்டுக் குழுவில் 26%. மனச்சோர்வு ஆய்வில் கிடைத்த அளவு இடைவெளி இல்லை.

ஊரே சேர்ந்தால்?

சுகாதார நிலையத்தில் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார், சரி. ஆனால் ஆள் வர வேண்டுமே? விவசாயிகள் தற்கொலைகளால் செய்திகளில் அடிபடும் மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் 'விஷ்ராம்' என்ற திட்டம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கிராமத்துப் பணியாளர்கள் சின்னச் சின்னக் கூட்டங்கள் நடத்தி மனச்சோர்வைப் பற்றிப் பேசினார்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கு முதல் கட்ட உதவி செய்தார்கள், தேவைப்பட்டவர்களை ஆலோசகரிடமும் டாக்டரிடமும் அனுப்பினார்கள். திட்டத்துக்கு முன்பு மனச்சோர்வு உள்ளவர்களில் 4.3% பேர் மட்டுமே உதவி தேடியிருந்தார்கள். 18 மாதம் கழித்து அது 27.2% ஆனது. இதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிராமங்கள் இல்லை, முன்-பின் கணக்கு மட்டும்தான் என்பதால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆறு மடங்கு உயர்வு சாதாரண விஷயம் இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் சிஹோர் மாவட்டத்தில் 'பிரைம்' என்ற இன்னொரு பெரிய திட்டத்தில் நிலைமை வேறு. அங்கே சுகாதார நிலையங்களில் சிகிச்சை வசதி வந்தும், ஊரில் மனச்சோர்வு உள்ளவர்கள் உதவி தேடி வரும் விகிதம் உயரவில்லை. கடை திறந்தால் மட்டும் போதாது, தெருவுக்குள் போய்ச் சொல்லவும் ஆள் வேண்டும் என்பதே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிவது.

விதர்பாவைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயமான கோபம் எழும். பருத்தி விலை விழுந்து, கடன் கழுத்தை நெரிக்கும்போது விவசாயிக்குக் கவுன்சிலிங்கா தேவை? பணம்தானே? இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், அதனால் தற்கொலை விகிதம் 18% குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். மழை பொய்த்து விளைச்சல் குறைந்தபோது தற்கொலைகள் கூடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, பணப் பிரச்சினைக்கு மாற்றாகப் பேச்சுச் சிகிச்சையை வைப்பது தவறு. அதேநேரம், கடன் தள்ளுபடி வரும் வரை ஒருவர் தூக்கமில்லாமல் தவிக்க வேண்டும் என்பதும் இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. ஆரம்ப சுகாதார அளவில் தர வேண்டிய 12 வகைச் சேவைகளில் மனநலத்தையும் மத்திய அரசு சேர்த்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீடு வீடாகச் செல்லும் அமைப்பும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் அதே வாசலில் "தூங்குறீங்களாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதிலைக் கேட்க அரை மணி நேரம் உட்காருவது இந்தத் திட்டத்தின் மைய வேலையாக வடிவமைக்கப்படவில்லை.

சர்க்கரைக்கும் மனச்சோர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் 404 பேரிடம், சென்னை உட்பட நான்கு நகரங்களின் சர்க்கரை நோய் சிகிச்சை மையங்களில் ஒரு சோதனை நடந்தது. மருத்துவர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் நோயாளியின் மனநிலை, சர்க்கரை, பி.பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பின்தொடர்ந்தார். பின்னணியில் நிபுணர்கள் ஆலோசனை தந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாவது குறைந்து, கூடவே சர்க்கரை, பி.பி., கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலும் முன்னேற்றம் கண்டவர்கள் 71.6%. வழக்கமான சிகிச்சையில் 57.4%. இது 2020ல் வெளியான முடிவு. அந்த மையங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இல்லைதான், வசதி அதிகம் உள்ள இடங்கள். ஆனால் சர்க்கரை நோயாளியிடம் மனசைப் பற்றியும் கேட்கலாம், கேட்டால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் நம்ம ஊரிலேயே இருக்கிறது.

தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நேரமும் சம்பளமும்தான். களப்பணியாளர்கள் ஏற்கெனவே கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, கணக்கெடுப்பு, ஆப்பில் என்ட்ரி என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் தலையிலேயே "இதையும் சேர்த்துப் பாருங்க" என்று வைத்தால் அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும். கோவாவில் ஆலோசகர்களுக்கு இது மட்டுமே வேலை. அதற்கென்று சம்பளம், அதற்கென்று மேற்பார்வை. ஒரு நிலையத்துக்கு ஒரு ஆலோசகர் என்று புதிய பணியிடம் உருவாக்குவதா, இருக்கிறவர்களின் மற்ற வேலைகளைக் குறைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது அரசுதான்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறிப்போவது, காரணம் கண்டுபிடிக்க முடியாத உடல்வலி தொடர்வது போன்றவை இருந்தால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலேயே டாக்டரிடம் சொல்லலாம். "வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் "தூக்கமில்ல, எதுலயும் மனசு ஒட்டல" என்பதையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிகிச்சை கிடைக்கும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வெளியே போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். உங்களுக்கோ, பக்கத்தில் இருப்பவருக்கோ தற்கொலை எண்ணம் வந்தால் தாமதிக்காமல் இந்த எண்களை அழையுங்கள், அவரைத் தனியாக விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.